அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய்: செல் சிகிச்சைக்காக நிலத்தை விற்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. நான்கு மாதங்களுக்கு முன் எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பையில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. கல்லீரலுக்கும் பரவியிருப்பதாக ஸ்கேனில் வந்தது. அரசு மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோ கொடுத்து வருகிறார்கள். இதுவரை மூன்று முறை முடிந்திருக்கிறது. இதற்கிடையில் ஒரு தனியார் மையத்தைப் பற்றி உறவினர் ஒருவர் சொல்லி, போய்ப் பார்த்தோம். அப்பாவின் ரத்தத்தை எடுத்து, அதிலுள்ள என்.கே. செல்கள், டென்ட்ரிடிக் செல்கள் என்னும் எதிர்ப்புச் சக்தி அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, ஆறு முறை திரும்ப ஏற்றுவார்களாம். ஒன்பது லட்ச ரூபாய் ஆகும் என்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற முறை, பக்கவிளைவே கிடையாது என்று அவர்கள் கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. கீமோ எதிர்ப்புச் சக்தியை அழித்துவிடும், அதை நிறுத்திவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார்கள். மும்பை ஐ.ஐ.டி. கண்டுபிடித்த சிகிச்சை பற்றிய செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதுதான் அது என்கிறார் சித்தப்பா. முக்கால் ஏக்கர் நஞ்சையை விற்க ஆள் பார்த்தாயிற்று. அப்பாவிடம் வயிற்றில் புண் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். நாங்கள் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, கும்பகோணம் அருகிலிருந்து

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிலத்தை விற்க வேண்டாம். கீமோவை நிறுத்தவே வேண்டாம். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; கிரயப் பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது, நீங்கள் இந்தப் பதிலை முழுவதும் படித்து முடிக்கும்வரை அது காத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. அப்பாவுக்காக எதையும் இழக்கத் துணியும் பிள்ளைகளை வாரந்தோறும் பார்க்கிறேன். அந்தத் துணிவுக்கு விலை போட்டு விற்பவர்களையும் பார்க்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் சித்தப்பா அனுப்பிய செய்தி உண்மையானது; ஆனால் அந்தச் செய்திக்கும் நீங்கள் போய்ப் பார்த்த மையத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ராகுல் புர்வார் குழுவினரும் டாட்டா நினைவு மருத்துவமனையினரும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்னும் கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் அதைத் தொடங்கிவைத்தார். பி செல் எனப்படும் ஒருவகை வெள்ளை அணுக்களிலிருந்து தோன்றும் ரத்தப் புற்றுநோய்களுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும், அவை வழக்கமான சிகிச்சைக்குக் கட்டுப்படாதபோதோ திரும்ப வந்தபோதோ மட்டும், அது கொடுக்கப்படுகிறது. இரைப்பைப் புற்றுநோய்க்கு அது பயன்படாது. ஏன் பயன்படாது என்பது புரிந்துவிட்டால், அந்த மையத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தானாகவே புரிந்துவிடும்.

நம் உடலில் டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் உண்டு. கிருமி புகுந்த செல்லைக் கண்டால் கொல்வது அவற்றின் வேலை. புற்றுநோய்ச் செல்லையும் அவற்றால் கொல்ல முடியும். ஆனால் அது நம் சொந்தச் செல்லிலிருந்தே பிறந்தது என்பதால் பெரும்பாலும் அவற்றுக்கு அடையாளம் தெரிவதில்லை. கார்-டி சிகிச்சையில் நோயாளியின் ரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியே சில மணி நேரம் செலுத்தி டி செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். பிறகு, தீங்கு செய்யாதபடி மாற்றப்பட்ட வைரஸ் ஒன்றின் உதவியால் அந்தச் செல்களுக்குள் புதிய மரபணு ஒன்றைப் புகுத்துகிறார்கள். அதன் பயனாக, டி செல்லின் மேற்பரப்பில் சி.டி.19 என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் புதிய ஏற்பி ஒன்று முளைக்கிறது. பி செல் புற்றுநோய்கள் பெரும்பாலானவற்றின் மேல் சி.டி.19 இருக்கிறது. இப்படி மாற்றிய செல்களைக் கோடிக்கணக்கில் பெருக்கி, நோயாளிக்குச் சில நாட்கள் கீமோ கொடுத்து உடலில் இடம் ஒதுக்கிய பின்னரே அவற்றை ஏற்றுகிறார்கள். கீமோவை நிறுத்திவிட்டு வரச் சொன்ன மையத்தை நினைத்துக்கொண்டு இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள்: அனுமதி பெற்ற கார்-டி சிகிச்சையே கீமோவில்தான் தொடங்குகிறது.

இந்தச் சிகிச்சை சாதித்தது கொஞ்சமல்ல. 2012-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில், இரண்டு முறை திரும்பி வந்த ரத்தப் புற்றுநோயோடு போராடிய எமிலி வைட்ஹெட் என்னும் ஆறு வயதுச் சிறுமிக்கு அது கொடுக்கப்பட்டது. செல்கள் வேலை செய்யத் தொடங்கியதும் கடுமையான காய்ச்சல் வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, செயற்கைச் சுவாசத்தில் வைக்க வேண்டியதாயிற்று. ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்னும் பொருள் அளவுக்கு மீறி ஏறியிருப்பதைக் கண்ட மருத்துவர்கள், மூட்டுவாதத்துக்குப் பயன்படும் டோசிலிசுமாப் மருந்தைக் கொடுத்து அவரைக் காப்பாற்றினார்கள். இன்று அவர் நோயற்ற இளம்பெண். செல் சிகிச்சை உண்மையாகவே வேலை செய்தால் உடல் எப்படிக் கொந்தளிக்கும் என்பதற்கு அவர் பட்ட பாடு சாட்சி. அதனால்தான் ‘பக்கவிளைவே கிடையாது’ என்ற வரியைப் படிக்கும்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை; ஏற்றிய செல்கள் உள்ளே எதுவுமே செய்யவில்லையோ என்ற ஐயம்தான் வருகிறது.

இரைப்பைப் புற்றுநோய்க்கு வருவோம். சி.டி.19-ஐக் குறிவைக்கும்போது நோயோடு சேர்ந்து நல்ல பி செல்களும் அழிகின்றன. ஆனால் அவை இல்லாமலும் ஒருவர் வாழ முடியும், தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின் என்னும் நோய் எதிர்ப்புப் புரதத்தை ஏற்றிக்கொள்ளலாம். இரைப்பை, குடல், நுரையீரல் புற்றுநோய்களில் இந்த வசதி இல்லை. அவற்றின் மேல் இருக்கும் புரதங்கள் பெரும்பாலும் நல்ல உறுப்புகளின் மேலும் இருக்கின்றன. குடல் புற்றுநோய் பரவியிருந்த ஒரு நோயாளிக்கு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹெர்-2 புரதத்தைக் குறிவைக்கும் கார்-டி செல்களை ஏற்றினார்கள். பதினைந்து நிமிடங்களில் மூச்சுத் திணறல் தொடங்கி, ஐந்தாம் நாள் அவர் இறந்துபோனார். நுரையீரலின் உட்பரப்பில் மிகச் சிறிதளவே இருந்த ஹெர்-2-ஐயும் அந்தச் செல்கள் கண்டுபிடித்துத் தாக்கியிருக்க வேண்டும் என்று 2010-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. இதைத் தவிர, கட்டியின் உள்ளே டி செல்கள் நுழைவதே கடினம். நுழைந்தாலும் அங்குள்ள சூழல் அவற்றைச் சோர்வடையச் செய்துவிடும். ஒரே கட்டியிலேயே சில செல்களில் இலக்குப் புரதம் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

இத்தனை தடைகளையும் தாண்டி ஓரளவு முன்னேற்றம் வந்திருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிளாடின் 18.2 என்னும் புரதம் கொண்ட இரைப்பைப் புற்றுநோயாளிகள் 156 பேரை வைத்துச் சீனாவில் நடந்த ஆய்வின் முடிவு 2025-இல் வெளிவந்தது. குறைந்தது இரண்டு விதச் சிகிச்சைகள் பலனளிக்காமல் போனவர்கள் அவர்கள். அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் சாட்ரிசெல் என்னும் கார்-டி சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களுக்கு நோய் வளராமல் நின்ற காலம் இடைநிலையில் (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 3.25 மாதம், வழக்கமான மருந்துகளுக்கு ஒதுக்கப்பட்டவர்களுக்கு 1.77 மாதம். உயிர் வாழ்ந்த காலம் முறையே ஏறக்குறைய 8 மாதமும் ஐந்தரை மாதமும். கட்டி வகைப் புற்றுநோயில் கார்-டி சிகிச்சையை வேறு சிகிச்சையோடு நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்த முதல் ஆய்வு இது என்பதால் எங்கள் துறையில் பெரிதும் பேசப்பட்டது. ஆனாலும் எண்களைப் பாருங்கள். குறி தெரிந்த செல்கள், தேர்ந்த மருத்துவமனைகள், ஏறத்தாழ எல்லோருக்கும் கடுமையான பக்கவிளைவுகள், அவற்றைச் சமாளிக்கத் தீவிர கண்காணிப்பு — இவ்வளவுக்குப் பின் கிடைத்தது சில மாதங்கள். ஒன்பது லட்சத்துக்கு, பக்கவிளைவே இல்லாமல், எந்தப் புரதத்தையும் குறிவைக்காமல், அதைவிடப் பெரிய பலனைத் தருவதாகச் சொல்பவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: நீங்கள் வளர்க்கும் செல்கள் என் அப்பாவின் கட்டியில் எதைப் பார்த்து அடையாளம் காணும்?

அந்தக் கேள்விக்கு விடை இல்லாத செல்கள், முகவரி எழுதாத கடிதங்களைப் போன்றவை. எத்தனை கோடி அனுப்பினாலும் சேர வேண்டிய இடத்தில் சேராது. இதை ஊகத்தில் சொல்லவில்லை. 1980-களிலேயே அமெரிக்காவில் ஸ்டீவன் ரோசன்பெர்க் என்னும் புற்றுநோய் மருத்துவர் இந்த வழியை முறையாகச் சோதித்துப் பார்த்தார். நோயாளியின் ரத்தச் செல்களை எடுத்து, அவற்றைப் பெருகத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 என்னும் மருந்தை ஊட்டி வளர்த்து, கோடிக்கணக்கில் திரும்ப ஏற்றினார். சிலருக்குக் கட்டி சுருங்கியது. பிறகு, செல்களோடு சேர்த்து இன்டர்லூக்கின்-2 பெற்றவர்களையும் அந்த மருந்தை மட்டும் பெற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 1993-இல் வெளிவந்தது. செல்களைச் சேர்த்ததால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை என்று அதில் தெரிந்தது. அவரே அந்தப் பாதையிலிருந்து விலகி, கட்டியின் உள்ளே ஏற்கெனவே புகுந்திருக்கும் டி செல்களை எடுத்து வளர்க்கும் முறைக்குத் திரும்பினார். அந்த முறையில் வந்த லிஃபிலியூசெல் என்னும் சிகிச்சைக்கு 2024 பிப்ரவரியில், மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு மட்டும், அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாற்பது ஆண்டு உழைப்பு அது. அவர் சோதித்துக் கைவிட்ட முறைக்கு நெருக்கமான ஒன்றைத்தான் உங்களுக்குப் புதியது என்று விற்கப் பார்க்கிறார்கள்.

நோபல் பரிசு விஷயமும் இப்படித்தான். டென்ட்ரிடிக் செல்லைக் கண்டறிந்ததற்காக ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011-இல் பரிசு அறிவிக்கப்பட்டது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தடைகளை விடுவிக்கும் வழியைக் கண்டதற்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் வழங்கப்பட்டது. எந்தத் தனியார் மையத்தின் சிகிச்சைக்கும் யாரும் நோபல் பரிசு கொடுக்கவில்லை. டென்ட்ரிடிக் செல் போன்ற செல்களைக் கொண்டு செய்யப்படும் சிகிச்சைகளில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிபுலியூசெல்-டி, 2010-இல் புராஸ்டேட் புற்றுநோய்க்கு வந்தது. 512 ஆண்களிடம் நடந்த ஆய்வில் அது ஆயுளைச் சுமார் நான்கு மாதம் கூட்டியது. அதிலும் புராஸ்டேட்டுக்கே உரிய ஒரு புரதத்தைச் செல்களுக்குக் காட்டிப் பழக்கிய பிறகே ஏற்றுகிறார்கள்.

சீனாவில் நடந்ததையும் நீங்கள் அறிய வேண்டும். வெய் சேசி என்னும் 21 வயதுக் கல்லூரி மாணவர், சைனோவியல் சர்கோமா என்னும் அரிய புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். இணையத் தேடலில் முதலில் வந்த விளம்பரத்தை நம்பி, பெய்ஜிங் மருத்துவமனை ஒன்றில், உங்களுக்குச் சொல்லப்பட்டதைப் போன்ற டென்ட்ரிடிக் செல் சிகிச்சைக்காகக் குடும்பம் இரண்டு லட்சம் யுவானுக்கு மேல் செலவழித்தது. பெற்றோர் கடன் வாங்கினார்கள். நோய் நுரையீரலுக்குப் பரவி, 2016 ஏப்ரலில் அவர் இறந்தார். தான் ஏமாந்த விதத்தை அவர் எழுதிவைத்திருந்ததால் நாடே கொதித்தது. அத்தகைய சிகிச்சைகளைப் பணத்துக்கு விற்பதை அரசு நிறுத்தியது. அவருக்கிருந்த அதே நோய்க்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் டி செல் சிகிச்சை ஒன்று அனுமதி பெற்றது. அதை எல்லோருக்கும் கொடுத்துவிடுவதில்லை: நோயாளியின் திசுவகை குறிப்பிட்ட ஒன்றாக இருக்க வேண்டும், கட்டியில் மேஜ்-ஏ4 என்னும் புரதம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் பொருந்திய 44 பேருக்குக் கொடுத்ததில் 43 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. உண்மையான செல் சிகிச்சை, உங்களிடம் முன்பணம் கேட்கும் முன் உங்கள் கட்டியைப் பற்றிக் கேட்கும்.

இனி உங்கள் அப்பாவுக்குச் செய்ய வேண்டியது. நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பும் வழி அவருக்கு அடைபட்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வெளியே எடுத்து வளர்க்காமல், உள்ளே இருக்கும் டி செல்களின் தடையை விடுவிக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய மருந்துகள் இரைப்பைப் புற்றுநோயில் முறையாகச் சோதிக்கப்பட்டவை. 2021-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், டி செல்களுக்குத் தடை போடும் பி.டி.எல்-1 என்னும் புரதம் கட்டியில் எவ்வளவு என்று காட்டும் அளவீடு 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குக் கீமோவோடு நிவோலுமாப் சேர்த்தபோது ஆயுள் இடைநிலையில் 11.1 மாதத்திலிருந்து 14.4 மாதமாகக் கூடியது. ஒரு சிறு பகுதியினர் ஆண்டுக்கணக்கில் நலமாக இருக்கிறார்கள். கீமோவோடு சேர்த்து என்பதைக் கவனியுங்கள். கீமோ வெள்ளை அணுக்களைக் குறைப்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அவை இரண்டு மூன்று வாரங்களில் மீண்டு வருவதைப் பார்த்துத்தான் அடுத்த முறைக்கான நாளைக் குறிக்கிறோம்.

எனவே அடுத்த முறை கீமோவுக்குப் போகும்போது உங்கள் மருத்துவரிடம், ஹெர்-2, எம்.எம்.ஆர். (செல்லின் மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள்), பி.டி.எல்-1, கிளாடின் 18.2 ஆகிய நான்கு பரிசோதனைகளில் எவை செய்யப்பட்டன, எவை செய்யப்படவில்லை என்று கேளுங்கள். இதற்காக அப்பா இன்னொரு முறை எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. முதலில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து, விரலின் நுனி அளவுள்ள சிறு கட்டியாக, பயாப்ஸி எண்ணோடு நோய்க்குறியியல் பிரிவில் வைத்திருப்பார்கள். ‘பயாப்ஸி பிளாக் வேண்டும்’ என்று எழுதிக் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கி, எந்த ஆய்வகத்துக்கும் கொடுக்கலாம். ஹெர்-2 இருப்பதாக வந்தால் டிராஸ்டுசுமாப் சேர்ப்பது பல ஆண்டுகளாக நிலைபெற்ற சிகிச்சை. மேலே சொன்ன கார்-டி செல்களின் ஆபத்து அதே புரதத்தைக் குறிவைக்கும் இந்த மருந்துக்கு இல்லை, இதயத்தை மட்டும் அவ்வப்போது எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவிலேயே 2014 முதல் அது தயாராவதால் விலையும் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. எம்.எம்.ஆர். குறைபாடு இரைப்பைப் புற்றுநோய் பரவியவர்களில் மிகச் சிலருக்கே இருக்கும். ஆனால் இருந்துவிட்டால், தடை விடுவிக்கும் மருந்துகள் மற்றவர்களைவிட அவர்களுக்கு வெகு நன்றாக வேலை செய்கின்றன. நான்கும் எதிர்மறையாக வந்தாலும் கலங்க வேண்டாம். இப்போது கொடுக்கப்படும் கீமோவே அப்போது அவருக்குச் சரியான சிகிச்சை.

நிவோலுமாப் விலை அதிகம் என்பதை நான் மறைக்கவில்லை. பி.டி.எல்-1 அளவு நன்றாக இருந்து, உங்கள் மருத்துவரும் பரிந்துரைத்தால், மருந்து நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டம், காப்பீடு ஆகியவற்றைப் பற்றி மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்கலாம். அளவு ஒன்றுக்கும் குறைவாக இருந்தால், அதற்காகவும் நிலத்தை விற்காதீர்கள் என்றே சொல்வேன்.

அடையாறு புற்றுநோய் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் ஒருமுறை இரண்டாவது ஆலோசனை பெறுவது நல்லது. அப்போது, அப்பாவின் நோய்க்குப் பொருந்தும் மருத்துவ ஆய்வு ஏதேனும் நடக்கிறதா என்றும் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் மத்திய அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு நீங்களே இணையத்தில் சரிபார்க்கலாம். சோதனையில் இருக்கும் மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. நீங்கள் பார்த்த மையம் அந்த எண்ணையும் தரவில்லை, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதிக் கடிதத்தையும் காட்டவில்லை என்றால், அங்கே உங்களிடம் கேட்கப்படும் ஒன்பது லட்சத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். மூன்று முறை கீமோ ஏற்றிக்கொண்டு, முடி உதிர்ந்து, புற்றுநோய்ப் பிரிவின் பெஞ்சில் மற்ற நோயாளிகளோடு உட்கார்ந்துவிட்டு வரும் ஒருவர் இன்னும் வயிற்றுப் புண் என்று நம்பிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்காக அவரும், அவருக்காக நீங்களும் தெரியாததுபோல் இருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். நிலம் அவருடையது, உடம்பும் அவருடையது. அவர் பெயரில் கிரயம் எழுத ஆள் பார்த்துவிட்டு அவரிடம் காரணத்தை மறைப்பது நியாயமாகாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. ‘புண்ணில் கேன்சர் இருக்கிறதாம் அப்பா, அதற்குத்தான் இந்த மருந்து’ என்று தொடங்கி, அவர் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், உங்கள் மருத்துவரை உடன் இருக்கச் சொல்லுங்கள். சாப்பாடு இறங்காமை, வலி, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு மருத்துவமனையின் வலித் தணிப்புப் பிரிவை இப்போதே பாருங்கள்; அந்தப் பிரிவுக்குப் போனால் கைவிட்டதாகப் பொருள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், கீமோவோடு சேர்த்தே அதைப் பெறலாம். பரிசோதனை முடிவுகள் வந்ததும் நான்கின் நகல்களோடு மீண்டும் எழுதுங்கள். எது பொருந்தும், எதற்கு முயலலாம் என்று அப்போது இன்னும் தெளிவாகச் சொல்ல என்னால் இயலும்.